கெண்டை பொன்னான கதை

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஒரு தொட்டியில் ரியூகின்: முதுகு திமில்போல் உயர்ந்து, வயிறு பந்துபோல் உருண்டு, வால் இரட்டைப் பாவாடையாக விரிந்திருக்கும். அடுத்த தொட்டியில் ஒராண்டா. அதன் தலை முழுக்கச் செந்நிறச் சதை காலிஃபிளவர் மாதிரி பூத்திருக்கும். பக்கத்தில் கரிய பிளாக் மூர், இரண்டு கண்களும் மண்டையை விட்டுத் துருத்திக்கொண்டு நிற்கும். பபிள் ஐ மீனுக்குக் கண்ணுக்குக் கீழே இரண்டு நீர்ப்பைகள் தளும்பும். முதுகில் துடுப்பே இருக்காது. கடைசித் தொட்டியில் சாதாரணத் தங்கமீன், நம் ஊர்க் குளத்துக் கெண்டையின் அச்சில் வார்த்த உடம்போடு விர்ரென்று திரும்பும்.

இத்தனையும் ஒரே இனம். ஒன்றோடொன்று கூடி இனம் பெருக்கக்கூடிய மீன்கள். இப்படி வேறு வேறு மண்டையும் முதுகும் கண்ணும் கொண்ட மீன்கள் ஓர் ஆற்றில் கிடைத்திருந்தால், அவற்றைத் தனித்தனி இனங்கள் என்றே யாரும் நினைத்திருப்பார்கள். இந்த உருவங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் பதில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மூன்று கண்டங்களுக்கும் நீள்கிறது. அதில் பௌத்தர்களின் புண்ணியக் குளம் உண்டு, பட்டம் துறந்த சக்கரவர்த்தி உண்டு, வருமானம் போதாத சாமுராய்கள் உண்டு, அன்னாசி வளர்த்த வணிகர் உண்டு. ஆனால் கதை தொடங்குவது மனிதன் வருவதற்கு வெகு முன்னால், ஒரு விபத்தில்.

சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன், கிழக்கு ஆசிய நீர்நிலைகளில் இரு வேறு கெண்டை இனங்கள் கலந்தன. பிறந்த மீனுக்கு இரண்டு பெற்றோரின் குரோமோசோம்களும் முழுமையாகவே சேர்ந்துவிட்டன. அதே குடும்பத்தைச் சேர்ந்த வரிக்குதிரை மீனுக்கு 50 குரோமோசோம்கள். தங்கமீனின் மூதாதைக்கு 100. ஒரு நூலுக்கு இரண்டு பிரதிகள் கையில் இருப்பதுபோல, பெரும்பாலான மரபணுக்கள் அதற்கு இரட்டையாக அமைந்தன. மனிதனுக்கு சுமார் 20,000 மரபணுக்கள் என்றால், தங்கமீனுக்கு சுமார் 70,000.

இரண்டு பிரதி இருந்தால் என்ன லாபம்? ஒன்று வழக்கமான வேலையைப் பார்த்துக்கொள்ளும். மற்றொன்று புதிதாக எதையாவது பழகலாம். உறைபனிக் காலத்தில் குளத்தின் மேல் பனி மூடி, நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் மற்ற மீன்கள் மடியும். தங்கமீனும் அதன் நெருங்கிய உறவான குரூசியன் கெண்டையும் மடிவதில்லை. ஆக்சிஜன் இல்லாமல் உடல் இயங்கும்போது சேரும் லாக்டிக் அமிலத்தை அவை சாராயமாக மாற்றி, செவுள் வழியே நீரில் விட்டுவிடுகின்றன. இதற்கு உதவும் புரதம், இரட்டிப்பான மரபணுவின் இரண்டாம் பிரதியிலிருந்து உருவானது என்று ஓஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினார்கள். இந்தச் சாராய வித்தையையும் இரண்டாம் பிரதியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கதையில் திரும்ப வரும்.

அந்த மூதாதை மீன் பார்க்க எப்படி இருந்தது? சாம்பலும் ஆலிவ் பச்சையும் கலந்த நிறம். தறிநாடா போன்ற உடம்பு. நீட்டி உறிஞ்சும் வாய். தாடையில் பல் கிடையாது, அரைக்கும் பற்கள் தொண்டையில்தான். ஒரு கோட்டையும் வீணாக இழுக்காத உருவம் அது. ஓடும் நீர் உடம்பைக் கூராக்கியது. துரத்தி வந்த பெரிய மீன் வாலைப் பலமாக்கியது. சேற்றில் கிடந்த இரை வாயைச் செதுக்கியது. ஆற்று மீனின் உடம்பைச் செதுக்கும் உளிகள் இவைதான். புதிய நீரும் புதிய இரையும் கிடைத்தால் இதே உளிகள் வேகமாகவும் வேலை செய்யும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி வற்றி, சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் மறுபடி நிறைந்தது. இன்று அதில் பாசி சுரண்டும் வாய், நத்தை உடைக்கும் தொண்டை, மீன் விழுங்கும் நீள்முகம் என ஐந்நூறு வகைச் சிக்லிட் மீன்கள். நம் சந்தையில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டை அந்தக் குடும்பம்தான். தங்கமீனின் கதையில் மட்டும் உளி கை மாறியது. நீர் கீழே வைத்ததை மனிதக் கண் எடுத்துக்கொண்டது.

முதல் பொன் தற்செயலாகவே மின்னியது. சீனாவில் ஜின் வம்சத்தின் காலத்தில் (265–420) லூ மலையருகே ஓர் ஏரியில் செந்நிறச் செதில் மீன்களைக் கண்டதாக ஒரு பழைய குறிப்பு உண்டு. கரிய நிறமி குறைந்து பிறந்த மீன்கள் அவை. சாதாரண ஏரியில் அப்படிப்பட்ட மீனின் ஆயுள் குறைவு. கொக்கின் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். அதைக் காப்பாற்றியது மனிதரின் புண்ணிய ஆசை. பிடிபட்ட உயிரை விலைக்கு வாங்கி விடுவிப்பது பௌத்தர்களுக்கு அறம். அதற்கென்றே கோயில்களிலும் ஊர்களிலும் குளங்கள் இருந்தன. அபூர்வ நிறம் கொண்ட மீனைச் சமைத்து உண்ண மனம் வராதவர்கள் அதைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். 10ஆம் நூற்றாண்டில் ஜியாசிங் நகரின் ஆட்சியராக இருந்த டிங் யான்சான் பொன்னிறக் கெண்டைகளைக் கண்ட குளம், பிறகு அப்படியொரு அபயக் குளமாகவே பேர்பெற்றது. ஒரே குளத்தில் ஒரே வகை அபூர்வங்கள் சேரச் சேர, அவை தமக்குள்ளேயே இனம் பெருக்கின. நிறம் நிலைத்தது. உடம்பு மட்டும் அப்போதும் ஆற்று மீனின் உடம்புதான்.

அடுத்த நகர்வு அரண்மனைக்கு. 1162-ல் பட்டம் துறந்த தென்சோங் சக்கரவர்த்தி காவோசோங், ஹாங்சோ நகரில் தான் ஒதுங்கி வாழ்ந்த தேஷோ அரண்மனையில் தங்கமீன்களுக்கென்று குளம் வைத்தார். மன்னர் செய்ததைப் பிரபுக்கள் செய்தார்கள். பிரபுக்களைப் பார்த்துச் செல்வர்கள் செய்தார்கள். மீன் வளர்த்து விற்பதே தொழிலான ஒரு கூட்டம் உருவானது. அவர்கள் தொழில் ரகசியத்தை வெளியே விடவில்லை. புகழ்பெற்ற தளபதி யூவே ஃபெய்யின் பேரனும் எழுத்தாளருமான யூவே கெ அதைத் துருவியபோது கிடைத்த தகவல் இது: நகரத்துச் சாக்கடையில் கிடைக்கும் சிறிய சிவப்புப் புழுவை ஊட்டி வளர்த்தால் மீன் முதலில் வெள்ளியாகும், பிறகு மஞ்சளாகும், நாளாக நாளாகப் பொன்னாகும்.

இதில் பாதி உண்மை. தங்கமீன் குஞ்சு கருத்துத்தான் இருக்கும். சில மாதங்களில் கரிய நிறமி அணுக்கள் மடிய, அடியிலிருக்கும் மஞ்சளும் சிவப்பும் வெளிப்படும். அது மரபணுவின் வேலை. ஆனால் அந்த மஞ்சளையும் சிவப்பையும் தரும் கரோட்டினாய்டுகளை மீனின் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. இரையிலிருந்துதான் வர வேண்டும். எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் வழக்கம் போகவில்லை. கழிவுநீர்ச் சேற்றில் நெளியும் சிவப்பு டியூபிஃபெக்ஸ் புழு இன்றும் நம் ஊர் வண்ணமீன் கடைகளில் உயிரோடு விற்கப்படுகிறது.

நிறம் மாறியது குளத்தில். உருவம் மாறியது தொட்டியில். 1548 முதல் ஹாங்சோவில் ‘தீமீன்’ என்ற அடர்சிவப்பு வகை பரவியதாக மிங் காலத்து எழுத்தாளர் லாங் யிங் பதிவு செய்கிறார். வீட்டுக்கு வீடு அதை வளர்த்தார்கள், நிறத்தில் போட்டி போட்டார்கள், காசு பார்த்தார்கள்; சிலரிடம் பத்துத் தொட்டிக்கு மேல் இருந்தது. குளத்திலிருந்து மண்தொட்டிக்கு வந்ததுதான் இந்தக் கதையின் பெரிய திருப்பம். குளத்தில் முதுகு வளைந்த குஞ்சும், வால் இரண்டான குஞ்சும் மற்ற மீன்களோடு ஓடி இரை பிடிக்க முடியாமல் சாகும். தொட்டியில் ஓட்டம் இல்லை, பகை இல்லை, உணவு கையிலிருந்தே விழுகிறது. அங்கே ஊனம் குறை அல்ல, புதுமை. ஒரு ஜோடியைத் தனியே பிரித்து வைக்கவும் முடிகிறது. பல தலைமுறையாக உள்ளே மறைந்திருந்த குணங்கள், உறவுக்குள் நடந்த கலப்பால் வெளியே வந்தன.

1596-ல் ஜாங் சியன்டெ என்ற இளைஞர் ‘செந்தூர மீன் ஏடு’ என்று தங்கமீனுக்கு மட்டுமே ஒரு நூல் எழுதினார். பூச்சாடிக் கலை பற்றியும் தேநீர் பற்றியும் எழுதியவர் அவர்; அந்த வரிசையில்தான் மீனையும் வைத்தார். சந்தையில் ஆயிரக்கணக்கில் வாங்கு, பல தொட்டிகளில் பிரித்துவிடு, நாள்தோறும் பார்த்துப் பார்த்து மட்டமானதைக் கழி, நூற்றில் ஒன்றிரண்டை மட்டும் வை என்பது அவர் சொன்ன முறை. டார்வின் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த செயற்கைத் தேர்வின் இலக்கணம் இது. எல்லா மீனுக்கும் வால் இரண்டு பிளவுதான், செந்தூர மீனுக்கோ மூன்று, ஐந்து, ஏழு என்று விரிகிறது என்றும் அவர் வியக்கிறார். இரட்டை வால் அப்போதே வந்துவிட்டது.

தொட்டி இன்னொன்றையும் தீர்மானித்தது: பார்க்கும் கோணம். மண்தொட்டியும் பீங்கான் தொட்டியும் உள்ளே தெரியாதவை. மீனை மேலிருந்துதான் பார்க்க முடியும். ஒற்றை வால் மேலிருந்து வெறும் கோடாகத் தெரியும். இரட்டை வால் பூப்போல விரிந்து தெரியும். முதுகுத் துடுப்பு இல்லாவிட்டால் வழவழப்பான முதுகு முழுதாகத் தெரியும். அகன்ற தலையும் வெளியே துருத்திய கண்ணும் மேலிருந்து பார்க்கத்தான் அழகு. தலையும் உடம்பும் எந்தப் பக்கம் பருக்க வேண்டும் என்பதை, குனிந்து பார்த்த மனிதர்களின் கண் முடிவு செய்துகொண்டிருந்தது.

1502-ல் தங்கமீன் ஜப்பானின் சாகாய் துறைமுகத்தில் இறங்கியது என்கிறது, 1748-ல் அடாச்சி யோஷியுகி எழுதிய மீன்வளர்ப்புக் கையேடு. தொடக்கத்தில் அது பெரிய இடத்துப் பண்டம். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் வாளேந்திய குடியினரும் உண்டு. 1724-ல் யானாகிசாவா யோஷிசாதோ என்ற பிரபு இடம் மாற்றப்பட்டு யாமாடோ பகுதியின் கோரியாமாவுக்கு வந்தபோது, தங்கமீன்களும் கூடவே வந்தன. அந்த வட்டாரத்தில் பாசனக் குளங்கள் நிறைய. குளங்களில் குஞ்சு மீனுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள் நிறைய. வருமானம் போதாத சாமுராய்கள் பக்கத் தொழிலாக மீன் வளர்த்தார்கள். அவர்கள் வகுப்பே கலைக்கப்பட்ட 19ஆம் நூற்றாண்டில் அதுவே பலருக்குப் பிழைப்பானது. யாமாடோகோரியாமா இன்றும் தங்கமீன் ஊர். காகிதம் ஒட்டிய வளையத்தால் காகிதம் கிழியாமல் மீனை அள்ளும் விளையாட்டுக்கு அங்கே தேசியப் போட்டியே நடக்கிறது.

பெயர்களில் வணிகப் பாதை பதிந்திருக்கிறது. ரியூக்யூ தீவுகள் வழியாக வந்தது ரியூகின் ஆனது. தலையில் சதைக் கொண்டை வைத்த வகை சீனாவிலிருந்துதான் வந்தது. ஆனால் அக்கால ஜப்பானில் அபூர்வமான அயல்பொருள் எதுவானாலும் டச்சுக்காரர்கள் கொண்டுவந்ததாகவே நினைப்பு. அதனால் அதற்கு ‘ஹாலந்து’ என்று பொருள்படும் ஒராண்டா என்ற பெயர் நிலைத்தது. கொளத்தூரில் ஒராண்டா என்று கேட்டு வாங்குகிறவர், அறியாமலே ஒரு பழைய ஜப்பானியத் தவற்றை உச்சரிக்கிறார்.

மேற்குக்குப் போன கடல்வழி இதைவிடக் கடினம். பாய்மரக் கப்பலில் பல மாதம், தொட்டியில் தேங்கிய நீரில், ஆக்சிஜன் குறைந்து குறைந்து வரும் நிலையில் எந்த மீன் பிழைக்கும்? இங்கேதான் பழைய பனிக்காலத்துச் சாராய வித்தையை நினைக்க வேண்டும். மூச்சுமுட்டும் நீரைத் தாங்கும் உடம்பு இருந்ததால்தான் இந்த மீன் கப்பலேறியது. இங்கிலாந்துக்கு 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சில வந்துவிட்டன. 1728-ல் பெருந்தொகையாக வந்தபோது, அவை முதலில் போய்ச் சேர்ந்தது சர் மேத்யூ டெக்கரிடம். ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். ரிச்மண்டிலிருந்த தன் தோட்டத்தில் அன்னாசி விளைவித்து, அந்த ஒரு பழத்தை 1720-ல் தனி ஓவியமாகவே தீட்டவைத்தவர். அது இன்று கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மீன்களை அவர் லண்டன் சுற்றுவட்டாரத்து நண்பர்களுக்கெல்லாம் பகிர்ந்துகொடுத்தார். அன்னாசியும் தங்கமீனும் அக்கால இங்கிலாந்தில் ஒரே பொருளைச் சொன்னவை: இந்த வீட்டுக்குக் கடல் கடந்த தொடர்பு உண்டு.

அந்த மோகத்துக்கு ஒரு பூனையும் பலியானது. எழுத்தாளர் ஹோரஸ் வால்போலின் செலீமா 1747-ல் தங்கமீன் நீந்திய சீனப் பீங்கான் தொட்டியில் விழுந்து இறந்தது. நண்பர் தாமஸ் கிரே அதற்கு இரங்கற்பா எழுத, தங்கமீன் ஆங்கில இலக்கியத்துக்குள் நுழைந்தது.

அறிவியலுக்குள் அது நுழைந்தவிதம் இன்னும் விந்தை. உயிரினங்களுக்கெல்லாம் பெயர் சூட்டிய ஸ்வீடனின் லின்னேயஸ், 1758-ல் தங்கமீனைத் தன் பட்டியலில் சேர்த்தார். ‘பொன் பூசிய’ என்று பொருள்படும் ஆரேடஸ் என்ற லத்தீன் சொல்லை இனப்பெயராக வைத்தார். அடையாளமாக அவர் எழுதிய குறிப்பு: அடிவயிற்றின் பின்துடுப்பு இரட்டை. எந்த ஆற்று மீனுக்கும் அப்படிக் கிடையாது. சீனத் தொட்டிகளில் தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரு பிறழ்வு, ஓர் இனத்தின் இலக்கணமாகவே பதிவாகிவிட்டது.

1780-ல் பிரான்ஸில் பில்லார்டோன் த சோவிஞி சீனத் தங்கமீன்களைப் பற்றி வண்ணப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். அதில் 89 வகைகள் இருந்ததை 1868-ல் டார்வின் எடுத்துக்காட்டினார். மூன்று வால் போன்றவற்றை வினோதப் பிறவி என்றே சொல்ல வேண்டும், ஆனால் இயல்பான வேறுபாடு எங்கே முடிகிறது, வினோதப் பிறவி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கடினம் என்று அவர் எழுதினார். புறாவைப் போலவே தங்கமீனும் அவருக்கு ஒரு சாட்சி: தேர்ந்தெடுக்கும் கை இருந்தால் உருவம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு.

அப்போது பார்க்கும் கோணமும் மாறத் தொடங்கியிருந்தது. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் கண்ணாடித் தொட்டிகளோடு மீன்கூடம் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் காஸ் ‘அக்வேரியம்’ என்ற பெயரில் எழுதிய நூல் அந்தச் சொல்லை வீடுகளுக்குள் கொண்டுபோனது. இனி மீனைப் பக்கவாட்டில் பார்க்கலாம். உயர்ந்த திமில், நீண்டு தொங்கும் துடுப்பு, முத்துப் பதித்தது போன்ற செதில் ஆகியவை பக்கவாட்டுக் கண்ணுக்கு விருந்து. ஜப்பானின் ரஞ்சு வகை இன்றும் மேலிருந்து பார்த்தே மதிப்பிடப்படுகிறது; மேலை நாட்டுப் போட்டிகள் பக்கவாட்டையே நம்புகின்றன.

அமெரிக்காவில் அரசாங்கமே மீனை வீட்டு வாசலுக்கு அனுப்பியது. 1878-ல் கடற்படை அதிகாரி டேனியல் அம்மென் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த தங்கமீன்கள் அந்நாட்டு மீன்வள ஆணையத்திடம் சேர்ந்தன. உணவுக்காக ஜெர்மன் கெண்டை வளர்த்துக்கொண்டிருந்த வாஷிங்டன் குளங்களில் இவையும் பெருகின. ஆணையத்தின் பெயர் மக்களிடம் பரவட்டும் என்று, கேட்ட நகரவாசிகளுக்கெல்லாம் இலவசமாகத் தந்தார்கள். மீன் வளர்ப்பாளர் ஹியூகோ முலெர்ட் பிரபலப்படுத்தியதுதான் நீண்ட ஒற்றை வாலுள்ள காமெட். ஓடும் உடம்பை விடாமல் அழகையும் சேர்த்துக்கொண்ட வகை அது.

சீனம் தன் மீனை அறிவியல் கண்ணால் பார்க்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில். பழ ஈ ஆய்வில் பேர்பெற்ற மார்கனிடம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற சென் ஜென், ஊர் திரும்பி ஈக்குப் பதிலாகத் தங்கமீனை எடுத்துக்கொண்டார். பல வண்ணம் தெறித்த கேலிகோ மீன்களை இணைத்தால் குஞ்சுகளில் பாதிதான் கேலிகோவாக வரும், கால்பங்கு சாதாரணச் செதில், கால்பங்கு செதில் ஒளிபுகும் வகை என்று 1928-ல் காட்டினார். மெண்டலின் பட்டாணிக் கணக்கு மீனிலும் பொருந்தியது. தொட்டிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்திருந்ததற்கு எண் கிடைத்தது. பழைய நூல்களைத் தோண்டித் தங்கமீனின் வரலாற்றை ஒழுங்குபடுத்தியவரும் அவரே. பிறகு வந்த கலாசாரப் புரட்சியில் அலங்கார மீன் வளர்ப்பு பழைய சுகபோகமாகப் பார்க்கப்பட்டு, பல அரிய வகைகள் அழிந்தன. கடல் கடந்து போயிருந்த நகல்கள்தான் மரபைக் காத்தன.

இரட்டை வாலின் மர்மம் அவிழ்ந்தது 2014-ல், தைவானில். ஆபே கெம்பு, ஓட்டா கின்யா ஆகிய ஆய்வாளர்களின் குழு கார்டின் என்ற மரபணுவைக் கைகாட்டியது. கருவில் எது முதுகு, எது வயிறு என்று வகுப்பதில் பங்குள்ள மரபணு அது. அதன் செய்தி குறைந்தால் வயிற்றுப்பக்கத் திசு அகன்று, வாலும் பின்துடுப்பும் இரண்டாகின்றன. வரிக்குதிரை மீனில் இந்த மரபணு பழுதானால் பெரும்பாலும் குஞ்சு பிழைப்பதில்லை. தங்கமீன் எப்படிப் பிழைத்தது? 1.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்த இரண்டாம் பிரதியால்தான். ஒரு கார்டின் கெட்டது. இன்னொன்று உயிரைக் காத்தது. குளத்தில் பனியைத் தாங்கக் கைகொடுத்த அதே இரட்டிப்புதான், தொட்டியில் உருவம் கலையவும் இடம் தந்திருக்கிறது.

2020-ல் 185 தங்கமீன்களின் மரபணுத் தொகுதியை 16 காட்டுக் கெண்டைகளோடு ஒப்பிட்ட ஆய்வும், அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வும் இந்த வரைபடத்தை விரித்தன. துருத்திய கண்ணுக்குக் காரணம் எல்ஆர்பி2 என்ற மரபணுவின் ஒரு பிரதியில் ஏற்பட்ட பழுது. மனிதரில் இதே மரபணு பழுதானால் கடுமையான கிட்டப்பார்வை வருகிறது. கண்ணுக்கு உவமையாகக் கெண்டையையும் கயலையும் சொன்ன மொழி நம்முடையது. கெண்டையின் கண்ணையே மாற்றிய மரபணு நம் கண்ணிலும் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

அழகுக்கு மீன் கொடுக்கும் விலையும் அளக்கப்பட்டிருக்கிறது. 2009-ல் கனடா ஆய்வாளர்கள் சாதாரணத் தங்கமீன், காமெட், இரட்டைவால் வகை, முதுகுத்துடுப்பு இல்லாத முட்டை வகை ஆகியவற்றை நீந்தவிட்டு ஒப்பிட்டார்கள். உருண்டை உடம்பு அதிக ஆற்றலைச் செலவழித்துக் குறைந்த வேகத்தையே பெறுகிறது. முதுகெலும்பு குறுகி உடல் உருண்டதில் உள்ளே இருக்கும் காற்றுப்பைக்கும் இடம் குறைகிறது; அதனால்தான் சில மீன்கள் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ சாய்ந்து மிதக்கின்றன. தலைச் சதை அதிகம் வளர்ந்தால் கண்ணை மூடிவிடும். பபிள் ஐயின் நீர்ப்பை கூரான கல்லில் பட்டால் கிழியும். நாம் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு வளைவையும் அந்த மீன் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறது.

இதையெல்லாம் சொல்வது தங்கமீன் வளர்க்காதீர்கள் என்பதற்காக அல்ல. ஆயிரம் ஆண்டு உழைப்பு அதன் உடம்பில் இருக்கிறது. அதைப் பொறுப்போடு தொடர்வது நல்ல காரியம். கொளத்தூரிலோ உங்கள் ஊரிலோ வாங்கும்போது, தடுமாறாமல் நீந்துகிற, கண் மூடாத மீனாகப் பாருங்கள். உருண்டை உடம்பு மீனையும் வேகமாக ஓடும் ஒற்றைவால் மீனையும் ஒரே தொட்டியில் போடாதீர்கள். உணவு முழுக்க வேகமுள்ளதற்கே போகும். சிறிய கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம். மூச்சுமுட்டும் நீரைத் தாங்குகிறது என்பதற்காக அதிலேயே வைத்திருப்பது நியாயமில்லை. அகன்ற தொட்டியும் வடிகட்டியும் கொடுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால் ஏரியில் விடாதீர்கள். 2021-ல் அமெரிக்காவின் பர்ன்ஸ்வில் நகரத்து ஏரியில், யாரோ விட்ட தங்கமீன்கள் கால்பந்து அளவுக்கு வளர்ந்து சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. தொட்டி துப்புரவுக்கென்று நம் கடைகளில் விற்ற சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பதை நாமே பார்க்கிறோம். விற்ற கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அல்லது வளர்க்கத் தெரிந்தவரிடம் சேருங்கள்.

1956-ல் இங்கிலாந்தில் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த ‘டிஷ்’ என்ற சாதாரணத் தங்கமீன், 43 வயதில், 1999-ல் இறந்தது.